கற்கள் காக்கும் பெயர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மடித்த கையொன்றைக் கடலுக்குள் நீட்டியது போன்ற நிலமுனை ஒன்றுண்டு. அதனைத் தன் கிழக்கெல்லையாகக் கொண்டது மசச்சூசெற்ஸ் மாநிலம். வரலாற்றுச் சின்னங்கள் மலிந்த நாடு அது. தெருவுக்கொரு கல்வெட்டு, சந்திக்கொரு சிலை என்றே சொல்லத் தோன்றும். எல்லாவற்றையும் காணப் புகுந்தால் கால் ஓயும், கண்ணும் சலிக்கும். ஆகவே நம் மனத்துக்கு உகந்த சிலவற்றை மட்டும் ஈண்டு வாசகர்க்குக் காட்ட விழைகின்றோம். அவற்றுள் இறுதியாகச் சொல்லப்போவது யாழ்ப்பாணத்தவர் எவரும் தவறவிடலாகாதது.

பலரும் முதலில் நாடிச் செல்வது பிளிமத் நகரின் கடலோரப் பாறையை. 1620இல் மேபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலக் குடியேறிகள் முதன்முதல் அடிவைத்த கல் என்று அதனைப் போற்றுவர். தூண்கள் சூழ்ந்த மண்டபத்தின் கீழே அது கிடக்கிறது. மலைபோன்ற பாறையை எண்ணிச் செல்வோர் ஏமாந்தே திரும்புவர். 1774இல் பெயர்க்க முயன்றபோது அது இரண்டாகப் பிளந்தது. வந்திறங்கியோர் எழுதிவைத்த குறிப்புகளில் இக்கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1741இல் தொண்ணூறு வயது கடந்த முதியவர் ஒருவர் சுட்டிக்காட்ட, ஊரார் நம்பினர். பாறைக்கு எதிரேயுள்ள குன்றில் ஏறினால் வேறொரு கதை கிடைக்கும். நன்றி நவிலும் திருநாளாக அமெரிக்கர் கொண்டாடும் அதே தினத்தை, நிலத்தை இழந்த பழங்குடி மக்கள் 1970 முதல் துக்க தினமாக அங்கு அனுட்டித்து வருகின்றனர். அச்செய்தியைப் பொறித்த பலகை 1998இல் அங்கு நாட்டப்பட்டது. பாறையைப் பார்ப்பவர் குன்றையும் பார்த்தல் வேண்டும்.

தலைநகராகிய பொஸ்ரனின் நடுவே 1634இல் ஒதுக்கப்பட்ட பொதுவெளி, அந்நாட்டின் மிகப் பழைய பொதுப் பூங்காவாகும். ஒருகாலத்தில் மாடுகள் மேய்ந்த புற்றரை அது. அதன் ஓரத்தில், அரசமன்றத்துக்கு நேரெதிரே, கறுப்பின வீரர்களைக் கொண்ட 54ஆம் படைப்பிரிவு அணிவகுத்துச் செல்லும் வெண்கலப் புடைப்புச் சிற்பம் உள்ளது. 1863இல் வாக்னர் கோட்டையைத் தாக்கி அப்படையினர் பலர் மாண்டனர். சிற்பி செயின்ற் கோடன்ஸ் பத்தாண்டுக்கு மேலாக உழைத்த இச்சின்னம் 1897இல் திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் தனிமுகம் கொடுத்தார் சிற்பி. ஆனால் கல்லிலே பெயர் பெற்றவர் வெள்ளை அதிகாரிகள் மட்டுமே! மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் பின்புறத்தில் ஏறுவதற்கு 1980களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வடக்கே சேலம் நகரம். தமிழகத்துச் சேலத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. 1692இல் சூனியக்காரர் எனப் பழிசுமத்தி இங்கே பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். விசாரணைக்கு உடன்படாத ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றனர். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1992இல், அவர்களுக்கு ஒரு நினைவிடம் எழுந்தது. சிலையில்லை, கோபுரமில்லை. சுண்ணாம்பின்றி அடுக்கிய தாழ்ந்த மதிலிலிருந்து இருபது கல்லாசனங்கள் நீண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த நாள், இறந்த விதம். வாயிற் கற்களிலே, குற்றமற்றோம் என்று அவர்கள் முறையிட்ட சொற்களைச் செதுக்கி, அவற்றைப் பாதியிலே மதில் மறித்து நிற்கும்படி அமைத்துள்ளனர். மேற்கொண்டு வாசிக்க இயலாது. மதிலுக்கு அப்பால் உள்ள பழைய மயானத்தில், அவர்களை விசாரித்த நீதவான்களுள் ஒருவர் முறையான கல்லறையில் துயில்கின்றார். இவ்வளவு அடக்கமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட நினைவிடம் பிறிதொன்றை நாம் அறியோம்.

அக்குற்றச்சாட்டுகள் முதலில் முளைத்த சேலம் கிராமமே இன்று டான்வேஸ் எனப்படும் அயலூர். நம்மவர்க்கு அப்பெயர் புதிதன்று, புதிதாயின் வெட்கப்படவேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் 1789இல் பிறந்தது அவ்வூரில். 1815இல் அவரும் தோழர்களும் இலங்கைக்குக் கப்பலேறிய நியூபரிபோட் துறையும் இம்மாநிலத்ததே.

இனி வூஸ்ரர் நகருக்கு வருவோம். பொஸ்ரனுக்கு மேற்கே ஏறக்குறைய 40 மைல். அங்கே 400 ஏக்கருக்கு மேற்பட்ட பூங்கா ஒன்றுண்டு. கிறீன் ஹில் என்பது பெயர். குளமும் புல்வெளியும் மரநிழலுமாக, விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று இளைப்பாறத் தக்க இடம். கிறீன் குடும்பத்தாரின் தோட்டமாயிருந்ததை அவர்கள் 1905இல் நகரத்துக்கு வழங்கினர். அங்கே அவர்கள் வாழ்ந்த மாளிகை பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. அக்குடும்பத்தில் உலகம் அறிந்தவர் அன்ரூ கிறீன். நியூயோர்க்கின் மத்திய பூங்கா உருவாக உழைத்தவர். அவருடைய தம்பியே, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க முடியும் என்று துணிந்தவர் அவர். மாணவர் பலர் அதனை விரும்பவில்லை. ஆங்கிலம் கற்றால் அரசாங்க உத்தியோகம் கிட்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர் இணங்கவில்லை. அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என நூல் நூலாகத் தமிழில் வந்தன. இல்லாத கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூற்பணியை அவர் விட்டாரில்லை. மானிப்பாயிலே அவர் பெயரால் மருத்துவமனை நிற்கிறது; அவர் ஆக்கிய நூல்களையோ பழைய நூலகங்களிலே தேட வேண்டியிருக்கிறது.

1884இல் காலமான அவரது கல்லறை வூஸ்ரரின் கிராமிய மயானத்தில் உள்ளது. தமக்குக் கல் நாட்டுவதாயின், அதில் இடமும் இருக்குமாயின், இன்னது எழுதுக என்று அவரே சொல்லிவைத்திருந்தார். பெயர், பிறந்த, இறந்த ஆண்டுகள், அதன் கீழே, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படும் ஒரு வரி. தாம் கற்ற பட்டமோ குடிப்பெருமையோ எழுதச் சொல்லவில்லை. மயானத்துக்கும் பூங்காவுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. காலையில் ஒன்றைக் கண்டு, மாலையில் மற்றதில் அமர்ந்து வரலாம்.