சென்னைப் பயணம்: எதில் தாராளம், எதில் சிக்கனம்?

காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் சென்னைக்குப் புறப்படுவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, நிக்காஹ் ஜவுளி எடுக்க தி.நகர். மற்றொன்று, வைத்தியம் பார்க்க அடையாறு, மயிலாப்பூர், நுங்கம்பாக்கம். இரண்டிலும் பணம் தண்ணீராய்ச் செலவாகும். அதனால் எதில் கையைத் திறப்பது, எதில் இறுக்குவது என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

ரஹ்மானின் அடியார்களுடைய பண்புகளைச் சொல்லும்போது திருக்குர்ஆன் (25:67) வீண்விரயம், கஞ்சத்தனம் இரண்டையும் விலக்கி, நடுநிலையைக் காட்டுகிறது. வீண்விரயத்தைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். ஆனால், சிக்கனம் என்ற பெயரில் முழங்கால் வலியுள்ள உம்மாவை அலைக்கழிப்பதும் நடுநிலை அல்ல.

முதலில் பயணச்சீட்டு. தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட அந்த முனையத்திலிருந்து ஊருக்குள் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். தெற்கிலிருந்து எழும்பூர் வரும் ரயில்கள் பலவும் தாம்பரத்திலும் மாம்பலத்திலும் நிற்கின்றன. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசலிலேயே இருக்கிறது. நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. வயதானவர்கள் அங்கே நெரிசலில் சிக்காமல் நடந்து போகலாம்.

ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தட்கலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, பெரியவர்களுக்கு ஏசி பெட்டியில் இடம் போடலாம். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால், அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ ஒரே சீட்டில் பயணிக்க வேண்டும். குடும்பம் முழுவதையும் ஒரே சீட்டில் போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். உம்மா, வாப்பாவுக்குத் தனிச் சீட்டு எடுப்பதே சரி.

வைத்தியத்திற்கு வருவோருக்கு இதைவிட முக்கியமான செய்தி உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இயங்குகிறது. அங்கும் மற்ற மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ரயிலில் வருவோருக்குச் சலுகை இருக்கிறது. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும், உடன் வருபவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தைக் காட்டிச் சீட்டு எடுக்க வேண்டும். பலர் இது தெரியாமலேயே முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள்.

அப்படி மிச்சமாகும் பணத்தைத் தங்குமிடத்தில் போடலாம். மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், லிஃப்ட் உள்ள, கஞ்சி காய்ச்ச ஒரு அடுப்பு உள்ள அறை. வாடகை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். தூரத்தில் மலிவாக அறை எடுத்தால் தினமும் இரண்டு வேளை ஆட்டோ, வெளிச்சாப்பாடு என்று அந்த மிச்சம் கரைந்துவிடும். சிகிச்சை முடிந்து தளர்ந்து வருபவர் உடனே படுக்க முடிவதும், நேரத்துக்குத் தொழ முடிவதும் பணத்தால் மட்டும் அளக்கக்கூடியவை அல்ல.

இனி ஜவுளிப் பயணம். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் பெயரைத் தாங்கியது தி.நகர் உஸ்மான் சாலை. இன்று அங்கே நம்மவர்கள் பட்ஜெட்டைத் தாண்டுவது பெரும்பாலும் புடவை விலையால் மட்டும் அல்ல. கூட வரும் ஆட்களாலும்தான். மாமி, சாச்சி, பக்கத்து வீட்டார் என்று பத்துப் பேர் கிளம்பினால் பத்துப் பேருக்கும் சீட்டு, அறை, சாப்பாடு. மணப்பெண்ணும் அவளுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரும் போதும். அவள் மனதுக்குப் பிடித்ததைக் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கிக் கொடுங்கள். ஊரார் மெச்சுவதற்காக நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்கும் ஜவுளியில் பரக்கத் இருக்காது.

பிள்ளைகள் கூட வந்திருந்தால் அரைநாள் ஒதுக்குங்கள். 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, மாலையில் மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுத்தாலே அவர்கள் மனம் நிறைந்துவிடும். பெரிய மால்களில் செலவழிக்க வேண்டியதில்லை.

புறப்படும் முன் ஒவ்வொரு செலவையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது பலவீனமானவரின் சிரமத்தைக் குறைக்கிறதா? வந்த காரியத்தை முடிக்க உதவுகிறதா? யாரும் பார்க்கவில்லை என்றாலும் இதை வாங்குவோமா? முதல் இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால் கையிருப்புக்கேற்பத் தாராளமாகச் செலவிடலாம். மூன்றாவதற்கு இல்லை என்றால் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் நம் பெட்டியைத் தூக்கி வந்தவருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கவாவது அது உதவும், இன்ஷா அல்லாஹ்.