பாய்மரப் படகோட்ட மாணவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை: பதக்கம் எந்த அளவுக்கு உதவும்?

திருவனந்தபுரம்: பள்ளிப் பருவத்தில் பாய்மரப் படகுப் போட்டிகளில் பதக்கம் வென்ற மாணவர்களுக்கு 12-ஆம் வகுப்புக்குப் பிறகு மாநிலக் கல்லூரிகள், ஐஐடி, கடற்படை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் என நான்கு முக்கிய வழிகள் உள்ளன. நான்கிலுமே கல்வித் தகுதி முதலில் பார்க்கப்படுகிறது. பதக்கம் அதன் பிறகே கணக்கில் வருகிறது.

மாநில ஒதுக்கீடு

கேரளத்தில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விச் சேர்க்கையைத் திருவனந்தபுரத்தில் உள்ள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் நடத்துகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர விரும்புவோரின் சாதனைகளை அதே நகரில் இயங்கும் கேரள மாநில விளையாட்டு கவுன்சில் மதிப்பிடுகிறது. நுழைவுத் தேர்வில் தகுதி பெறாதவருக்குப் பதக்கம் இருந்தாலும் இடம் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்களுக்கே பொதுவாக மதிப்பு உண்டு.

காலக்கெடு

பதக்கம் வென்ற ஆண்டும் முக்கியமானது. சென்னை ஐஐடி, 2024-25 கல்வியாண்டு முதல் ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கென 2 கூடுதல் இடங்களை வழங்குகிறது. அவற்றில் ஒன்று மாணவிகளுக்குரியது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்றிருப்பதோடு, கடந்த 4 ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் பதக்கமும் வென்றிருக்க வேண்டும். இத்தகைய திட்டங்களில் ஏற்கப்படும் விளையாட்டுகளின் பட்டியல் தனியே வெளியிடப்படுவதால், அதில் பாய்மரப் படகோட்டம் உள்ளதா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் படகில் 15 வயது வரை மட்டுமே போட்டியிட முடியும். அத்துடன் பயிற்சியை நிறுத்துவோரின் பதக்கங்கள் கல்லூரிச் சேர்க்கையின்போது காலாவதியாகும் நிலை ஏற்படலாம். எனவே ஐஎல்சிஏ 4 அல்லது 29இஆர் போன்ற அடுத்த நிலைப் படகுகளுக்கு உரிய நேரத்தில் மாறுவது பயன் தரும்.

கடற்படையும் ராணுவமும்

கண்ணூர் மாவட்டம் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் 12-ஆம் வகுப்புக்குப் பின் பி.டெக். படிப்புடன் அதிகாரியாகும் திட்டம் உள்ளது. இதற்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 70 சதவீத மதிப்பெண் தேவை. ஜேஇஇ மெயின் தரவரிசையின்படி அழைக்கப்படுவோர் எஸ்எஸ்பி நேர்காணலிலும் தேர்ச்சி பெற வேண்டும். இதில் படகோட்டப் பதக்கம் கட்டாயத் தகுதி அன்று. எனினும், அகாடமியில் இவ்விளையாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. பல நாடுகளின் பயிற்சி அதிகாரிகள் பங்கேற்கும் அட்மிரல் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டி அங்கு நடத்தப்பட்டு வருகிறது.

டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ராணுவ வீரர் ஆவார். ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனையான சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், எஸ்ஆர்எம் கல்வி நிறுவனத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். ராணுவம், கல்லூரி ஆகிய இரு பாதைகளிலும் விளையாட்டைத் தொடர முடியும் என்பதற்கு இவர்கள் சான்று.

அமெரிக்கக் கல்லூரிகள்

அமெரிக்காவில் 1930-இல் தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கிடையேயான பாய்மரப் படகோட்டச் சங்கம் இப்போட்டிகளை நிர்வகிக்கிறது. அதன் விதிகளின்படி படகோட்டத் திறமைக்காகக் கல்வி உதவித்தொகை வழங்க அனுமதியில்லை. பயிற்சியாளர் ஒரு மாணவருக்குப் பரிந்துரைக்கலாம்; இறுதி முடிவு சேர்க்கை அலுவலகத்தினுடையது. குடும்ப வருமானத்தின் அடிப்படையிலான நிதியுதவிக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அங்கு இருவர் செலுத்தும் படகுகளே பெரிதும் பயன்படுவதால், தனிநபர் படகில் மட்டும் பழகியவர்கள் 29இஆர், 420 போன்ற படகுகளிலும் பயிற்சி பெறுவது நல்லது.

பணம் பெற்றுக்கொண்டு விளையாட்டு வழியாக இடம் வாங்கித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் 2019-இல் வெளியான சேர்க்கை முறைகேட்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டப் பயிற்சியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவியை இழந்தது குறிப்பிடத்தக்கது.

செய்ய வேண்டியவை

9-ஆம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு போட்டியின் சான்றிதழ், முடிவுப் பட்டியல், பங்கேற்ற படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தொகுத்து வைக்க வேண்டும். 11-ஆம் வகுப்பில் விரும்பும் கல்லூரிகளின் முந்தைய ஆண்டு விளக்கக் குறிப்பேடுகளைப் படித்து, எந்தப் போட்டி, எந்த ஆண்டு வரையிலான சான்று ஏற்கப்படுகிறது எனக் குறித்துக்கொள்ளலாம். விடுபட்ட சான்றிதழைச் சங்கத்திடமிருந்து பெறுவதற்கும், தேர்வுக்குத் தயாராவதற்கும் அப்போது போதிய அவகாசம் இருக்கும்.