ஒலிபெருக்கி காத்த ஊர்

முற்காலத்தில் ஊராருக்குச் செய்தி சொல்லத் தண்டோரா போடுவர். ஒருவர் பறையை முழக்கியபடி தெருத்தெருவாகச் சென்று செய்தியை உரக்கக் கூறுவார். வரி கட்டும் நாளும் திருவிழா நாளும் அவ்வாறே அறிவிக்கப்பட்டன. ஆனால், வெளியுலகச் செய்திகள் ஊருக்குள் வருவது அரிது. நெல்லின் சந்தை விலை, அரசு வழங்கும் உதவிகள், கடலின் நிலை ஆகியவற்றை அறிந்தவர் சிலரே. ஏனையோர் அந்தச் சிலரைச் சார்ந்தே வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்றும் நோக்கில், சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு புதுச்சேரிப் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் அமைந்தது. அதனோடு இணைந்த தகவல் மையங்கள் சிற்றூர்களில் திறக்கப்பட்டன. அந்நாளில் சிற்றூர்களில் தொலைபேசி வசதி குறைவு. ஆகவே, கம்பியில்லாக் கருவிகளின் வழியாகவும் செய்திகள் அனுப்பப்பட்டன.

மையத்திற்கான இடத்தை ஊர்மக்களே தந்தனர். எந்தச் சாதியினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தடையின்றி உள்ளே வரலாம் என்பது முதன்மையான விதி. அவ்வூர்த் தன்னார்வலர்களே மையத்தை நடத்தினர். அவர்களுள் பலர் பெண்கள். அவர்கள் கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யக் கற்றனர். பயிர் விலையையும் மருத்துவச் செய்தியையும் கேட்க ஊரார் அப்பெண்களைத் தேடி வந்தனர். ஊரில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது.

வீராம்பட்டினம் மீனவர் வாழும் கடற்கரை ஊர். அங்குள்ளோருக்கு மிகவும் தேவையானது கடலைப் பற்றிய செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலைகளின் உயரம் பற்றிய முன்கணிப்பு அந்நாளில் வெளியாகி வந்தது. தன்னார்வலர்கள் அதனைப் பெற்றுத் தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவித்தனர். கணினியின் முன் ஓரிருவரே அமர இயலும். ஒலிபெருக்கியையோ ஊரே கேட்கும். படிக்கத் தெரியாதவரும் அதனால் பயன்பெற்றனர்.

நல்லவாடு என்னும் மீனவ ஊரிலும் இத்தகைய மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அம்மையத்தில் முன்பு தொண்டாற்றிய இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்தார். ஆழிப்பேரலை பற்றிய செய்தியை அங்கே அறிந்தவுடன், தம் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வரத் தொடங்கியதை வீட்டார் கூறினர். உடனே வெளியேறும்படியும் ஊராரை எச்சரிக்கும்படியும் அவர் வேண்டினார். மையம் பூட்டியிருந்தது. மக்கள் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். 3,000க்கும் மேற்பட்டோர் மேட்டு நிலத்தை நோக்கி ஓடி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர்.

தொலைபேசி செய்தியைக் கொண்டு வந்தது. ஒலிபெருக்கி அதனைப் பரப்பியது. கேட்டவர்கள் ஐயுறாமல் ஓடினர். பல ஆண்டுகளாகத் தங்களுக்கு உண்மையையே சொல்லி வந்த குரல் அது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவரும் தம் ஊரை மறக்கவில்லை. செய்தி எல்லோருக்கும் பொதுவாகும்போது ஊர் வலிமை பெறுகிறது.

அருஞ்சொற்பொருள்
தண்டோரா – பறையறைந்து அறிவித்தல்
தன்னார்வலர் – தாமே விரும்பித் தொண்டு செய்பவர்
முன்கணிப்பு – வரப்போவதை முன்னரே கணித்தல்
ஆழிப்பேரலை – சுனாமி

வினாக்கள்
1. தகவல் மையத்தின் முதன்மையான விதி யாது?
2. கணினியைவிட ஒலிபெருக்கி ஊராருக்கு மிகுதியாகப் பயன்பட்டது ஏன்?
3. உங்கள் பெற்றோரின் சொந்த ஊரில் முன்பு செய்திகள் எவ்வாறு பரவின? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.