எலும்பும் தசையும் – 6: மலை இறங்கும் தொடை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போகும் பாதையில் இப்போது பேருந்து ஓடுகிறது. ஆயினும் சாலையைவிட்டு உள்ளடங்கிய சிற்றூர்கள் சிலவற்றுக்கு ஒற்றையடிப் பாதையே கதி என்பதால், கடுக்காயையும் சாமையையும் மூட்டையாகக் கட்டிச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு நடக்கும் மலையாளிப் பழங்குடியினரை அங்கே காணலாம். அருவி பார்க்கப் போகும் சமவெளிக்காரர்களோ, ஏறும்போது மூச்சு வாங்குகிறதென்று நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, இறங்கும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்கிவிடுவார்கள். ஒருநாள் கழித்துத் திண்ணையைவிட்டு எழுந்திருக்கத் தூணைப் பற்றுகிறவர்களும் அவர்களே. சிரமமின்றிச் செய்த காரியத்துக்கு இத்தனை நோவு ஏன்?

சென்ற இதழில் கண்ட 206 எலும்புகளில் ஒன்றுகூடத் தானாக அசைவதில்லை. அவற்றை அசைக்கும் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளுக்கும் இழுக்கத்தான் தெரியுமே தவிரத் தள்ளத் தெரியாது. ஆகையால் முழங்காலை நீட்ட முன்தொடையில் ஒரு கூட்டமும், மடக்கப் பின்தொடையில் ஒரு கூட்டமுமாக எதிரெதிரே அமைந்திருக்கின்றன. முன்தொடைத் தசை நான்கு தலைகளை உடையது; அந்நான்கும் கீழே ஒரே தசைநாணாகத் திரள, அந்நாண் முழங்கால் சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு, கணைக்காலின் முன்னெலும்பில் போய்ப் பற்றுகிறது. நாணைச் சற்று முன்தள்ளிப் பிடித்து, இழுப்புக்கு நெம்புபலம் கூட்டுவதே அச்சில்லின் உத்தியோகம். பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பாக இருந்து, சில வருஷங்கள் கழித்தே அது எலும்பாக மாறத் தொடங்குகிறது.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலும், வேறெந்தக் கல்லூரியிலும், முதலாண்டு மாணவர் இந்த முன்தொடைத் தசையை அறிவது அதன் உற்பத்தி ஸ்தானத்தையும் பற்றுமிடத்தையும் கொண்டுதான். ஆனால் அவர்கள் அறுத்துப் பார்க்கும் உயிரற்ற சரீரத்தில் இடம் தெரியுமேயன்றி வேலை தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

மலையிறங்கும்போது முன்வைத்த கால் தரையைத் தொட்டதும் முழங்கால் மடங்குகிறது. அந்த மடக்கத்தை முன்தொடை அடியோடு விட்டுக்கொடுத்தால் ஆள் விழுவான். முற்றிலும் தடுத்தால் கால் கட்டையாக நின்றுவிடும். மச்சிலிருந்து நெல்மூட்டையைக் கயிற்றில் இறக்குகிறவன் பிடியைத் தளர்த்தாமலே கொஞ்சங்கொஞ்சமாகக் கயிறு விடுவதுபோல், இத்தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது. சுருங்கிக்கொண்டே செய்யும் வேலையைவிட இவ்விதம் நீண்டுகொண்டே செய்யும் வேலைக்குச் செலவு குறைவு. இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் 1952-இல் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் அதை எதிர்த்துத் தடுக்கும்படி செய்து அளந்தபோது, இருவர் காலிலும் விசை ஒன்றாயிருந்தும், தடுத்தவருக்கு வேண்டிய பிராணவாயு மிதித்தவருக்கு வேண்டியதைவிட மிகவும் சொற்பமாயிருந்தது. பேசிக்கொண்டே இறங்க முடிவதன் ரகசியம் அதுவே.

ஆனால் சிக்கனத்துக்கு விலை உண்டு. நீளும் இழை ஒவ்வொன்றும் அதிக விசை தாங்குமாதலால் சரீரம் குறைந்த இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. அந்தச் சிலவற்றின்மேல் முழுப் பாரமும் இறங்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அதன்பின் வரும் வீக்கமும் நோவும் ஒன்றிரண்டு நாட்களில்தான் உச்சமடைகின்றன. தசையில் தேங்கிய அமிலமே காரணம் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. அவ்வமிலமோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தோடு கலந்து போய்விடுகிறது. அமெரிக்கரான தியடோர் ஹஃப் 1902-இலேயே கிழிசலைச் சந்தேகித்து எழுதினார்.

ஒருமுறை நொந்த தசை, சில வாரங்களுக்குள் அதே வேலை மீண்டும் வந்தால் முன்போல் நோவதில்லை. நாள்தோறும் இறங்குகிற மலைவாசியின் தொடைக்கு அந்தப் பழக்கம் சிறுபிராயத்திலேயே வாய்த்துவிடுகிறது. அதனால் அவருக்கு நோவே கிடையாது என்று முடிவுகட்டுவது சமவெளிக்காரரின் சௌகரியம். மாடிப்படி இறங்கும் சாதாரண மனிதனின் முழங்கால் மூட்டிலேயே உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது என்றால், தலையில் மூட்டையோடு செங்குத்தில் இறங்குகிறவருடைய மூட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தசை பழகிக்கொள்ளும், கிழிந்தாலும் ஆறும். மூட்டுக்குள் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தநாளம் கிடையாது, நரம்பும் கிடையாது. ஒவ்வோர் அடியிலும் நசுங்கி விரிகையில் மூட்டு நீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. நடையால் தேய்ந்து, அந்த நடையாலேயே உண்டு வாழும் அப்பொருளை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)