சவுக்கின் வேர்முடிச்சு

திருவனந்தபுரம் கடலோரத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் ஆல்டர் மரம் வளருமா என்று எழுதிக் கேட்டிருக்கிறார்.

வளராது. நம் நாட்டு ஆல்டர் இமயமலைச் சரிவின் குளிருக்கும் ஓடைக்கரை ஈரத்துக்கும் பழகியது. நாகாலாந்தின் கோனோமா ஊரார் தலைமுறைகளாக அதன் தலையை வெட்டித் துளிர்க்கவிட்டு, இடையே பயிர் செய்கிறார்கள். மரமே மண்ணுக்கு உரமூட்டுகிறது. அதே வேலையைச் செய்யும் மரம் வாசகியின் ஊர் மணலிலேயே நிற்கிறது: மலையாளிகளின் காற்றாடி மரம், நம் சவுக்கு. ஆல்டரும் சவுக்கும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை.

பந்தல்கால், சாரம், விறகு என்றே சவுக்கைப் பார்த்துப் பழகிய கண்கள் வேரைப் பார்ப்பதில்லை. தோண்டினால் இஞ்சிக் கிழங்கு மாதிரி கொத்துக் கொத்தாய் முடிச்சுகள். உள்ளே இழை இழையாக வளரும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு உணவாக மாற்றித் தருகிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது.

இதில் ஒரு சிக்கல். நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். ஆல்டரின் முடிச்சில் ஃபிராங்கியாவே கொழுப்படுக்குச் சுவர் கொண்ட நுண்குமிழ்களைக் கட்டிக்கொள்கிறது. சவுக்கில் அந்தக் குமிழ்களே கிடையாது! மரம்தான் தன் செல்சுவர்களைக் கெட்டிப்படுத்திக் காவல் காக்கிறது. ஆக்சிஜனை அளவாகக் கொண்டுசேர்க்க ஹீமோகுளோபினும் தயாரிக்கிறது. முடிச்சிலிருந்து சிறு வேர்கள் மண்ணுக்குள்ளேயே மேல்நோக்கி வளர்வதையும் காணலாம்.

நடுவதற்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மணலும் போதும். நாற்றின் குழியில், முதிர்ந்த சவுக்கின் அடிமண் ஒரு பிடி போட்டால் ஃபிராங்கியா வந்து சேரும். யூரியாவை அள்ளிப் போடுவது பெருந்தவறு. நைட்ரஜன் மிகுந்தால் வேர் முடிச்சு கட்டாது. கோனோமாவைப் பார்த்து முதிர்ந்த சவுக்கை வெட்டிவிடவும் கூடாது, அது சரியாகத் துளிர்க்காது. வேலியாக வேண்டுமென்றால் இளசிலேயே நுனி கத்தரிக்க வேண்டும்.

கடற்கரை நெடுக அடர்த்தியாகச் சவுக்கு நடும் வழக்கம்தான் வருத்தம் தருகிறது. ஊசி இலை என்று நினைக்கப்படுபவை உண்மையில் பச்சை நுண்கிளைகள். இலைகள் அவற்றின் கணுக்களில் வெறும் செதில்கள். உதிர்ந்த நுண்கிளைகள் மெத்தையாகப் படிந்து, மணல்மேட்டைப் பிடித்து நிற்கும் அடம்புக்கொடியையும் ராவணன் மீசையையும் முளைக்கவிடுவதில்லை. கடலாமை முட்டையிடும் திறந்த மணலும் குறைகிறது. வாசகிக்கு, கூரையிலிருந்து நன்றாகத் தள்ளி வேலியோரம் இரண்டு மூன்று மரங்கள் போதும். உதிர்வதைப் பெருக்கி எரிக்காமல் தென்னை மூட்டில் மூடாக்காகப் போடலாம்.