கூடி நடந்தால் கோடி நன்மை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட மொழி. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இம்மொழி இன்னும் ஆழ்ந்த பொருளுடையது. சொந்த ஊரில் ஒருவர் நோயுற்றால் தாங்கிப் பிடிக்க அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என நால்வர் வருவர். வந்த இடத்திலோ, சம்பாதிக்கும் ஒருவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். ஆகவே உடல்நலம் பேணுதல் நமக்குப் பொழுதுபோக்கு அன்று. வீட்டில் அடுப்பு எரிவதற்கான வழியே அதுதான்.

இக்காலத்தில் பெரிய மருத்துவமனைகள் சில, உடற்பயிற்சி நிலையங்களையும் தம்மோடு இணைத்து நடத்துகின்றன. ஓடுவதற்கு ஒரு பொறி, மிதிப்பதற்கு ஒரு பொறி, கற்பிக்க ஓர் ஆசிரியர், மாதந்தோறும் ஒரு சந்தா என்பது அவற்றின் அமைப்பு. வசதியுள்ளோர் அங்குச் சேர்ந்து பயன் பெறுதல் நன்றே. ஆயினும் பொழுது புலரும் முன்னே கட்டட வேலைக்குப் புறப்படுபவரும், கடை திறக்க ஓடுபவரும் நிறைந்த நம் சங்கத்தில், அந்தப் படிகளை ஏறக்கூடியவர் எத்தனை பேர்?

மருத்துவமனையே கிராமத்தைத் தேடி வந்து, பொறியும் சந்தாவும் இன்றி, அண்டை வீட்டாரையே வழிகாட்டிகளாக்கி நடத்திய ஒரு முயற்சி உண்டு. அது எங்கோ சீமையில் நடந்ததன்று. நம் குன்னத்துகால் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே நடந்தது. அதில் சேர்ந்தோர் கண்ட அனுபவத்தை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முயற்சியின் வரலாறு

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தை நாம் அனைவரும் அறிவோம். இதய நோய்க்கும் மூளை நோய்க்கும் பெயர் பெற்ற மருத்துவமனை அது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கப்பட்டது. அதன் அங்கமாகிய அச்சுத மேனன் நிலையம் மக்கள் நல்வாழ்வை ஆராயும் பிரிவாகும். அந்நிலையத்தார், ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து, நீரிழிவு வருமுன் காக்கும் கேரளத் திட்டம் ஒன்றை 2013-ஆம் ஆண்டில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தொடங்கினர்.

தாலுகாவின் 60 வாக்குச்சாவடி வட்டாரங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 30 முதல் 60 வயது வரையுள்ளவர்களுள், நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். 30 வட்டாரங்களில் இருந்த 500 பேருக்குக் கூட்டங்களும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. மற்ற 30 வட்டாரங்களில் இருந்த 507 பேருக்கு நலவிளக்க ஏடு மட்டுமே தரப்பட்டது. இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆராய்ச்சியின் முறை.

நான்கு கேள்விகள்

யாருக்கு நோய் வரக்கூடும் என்று எவ்வாறு அறிந்தனர்? சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சியாளர் வகுத்த ஒரு மதிப்பெண் முறை அதற்குப் பயன்பட்டது. அதற்கு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஓர் அளவுநாடா போதும். வாசகர்கள் வீட்டிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதற்கேள்வி வயது: 35-க்குக் கீழ் எனில் மதிப்பெண் இல்லை, 35 முதல் 49 வரை 20, 50 அல்லது அதற்கு மேல் 30. இரண்டாவது இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20, பெண்களுக்கு 80 முதல் 89 வரை 10, அதற்கு மேல் 20. மூன்றாவது உழைப்பு: உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் உடையவருக்கு மதிப்பெண் இல்லை; ஒன்று மட்டும் உடையவருக்கு 20; இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு 30. நான்காவது பெற்றோர்: தாய் தந்தையருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

என்னைப் போல் ரயில்வே அலுவலகத்தில் நாற்காலியே கதி என்று இருக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். வயது 38; அதற்கு 20. இடுப்பு 94; அதற்கு 10. நடையும் இல்லை, உழைப்பும் இல்லை, 30. தந்தைக்கு நீரிழிவு, 10. ஆக 70. அவருக்கு உடம்பில் ஒரு நோவும் தெரியாது. இருந்தும் கணக்கு அவரை எச்சரிக்கிறது. தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. இத்தேர்விலோ குறைந்தால்தான் மகிழ்ச்சி!

இந்நான்கனுள் வயதையும் பெற்றோரையும் மாற்ற நம்மால் ஆகாது. இடுப்பையும் உழைப்பையும் மாற்ற நம்மால் ஆகும். திட்டத்தின் அடிப்படை இதுவே.

சேர்ந்தோர் கண்டது

ஒவ்வொரு வட்டாரத்திலும் அண்டை அயலார் ஒரு குழுவாகக் கூடினர். ஓராண்டுக் காலத்தில் 15 கூட்டங்கள் நடந்தன. மருத்துவத் துறையினர் வந்து விளக்கியவை சிலவே. 12 கூட்டங்களை நடத்தியவர்கள், அக்குழுவினருள்ளேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். உணவு, நடை, உடல் எடை, புகையிலை, மது, உறக்கம் ஆகிய யாவும் அங்குப் பேசப்பட்டன. கூட்டத்துக்கு வெளியே சேர்ந்து நடத்தல், யோகப் பயிற்சி, வீட்டுக் காய்கறித் தோட்டம் ஆகியவை வளர்ந்தன.

பலன் என்ன? அதனை உள்ளபடியே கூற வேண்டும். முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஏடு மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 17.1 பேருக்கும், கூட்டங்களில் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 14.9 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. வேறுபாடு உண்டு, ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே என்று ஆராய்ச்சியாளர் தாமே எழுதினர். தம் முயற்சியின் குறையைத் தாமே எடுத்துரைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

ஆயினும் வேறு சில மாற்றங்கள் உறுதியாகக் காணப்பட்டன. கூட்டங்களில் சேர்ந்தோரின் எச்சரிக்கை மதிப்பெண் மற்றவரைக் காட்டிலும் கூடுதலாகக் குறைந்தது. காயும் கனியும் போதிய அளவு உண்போர் பெருகினர். மது அருந்துவோரிடையே அப்பழக்கம் தணிந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் உடல் திறன் உயர்ந்தது.

நிற்க. நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவைத் தடுக்குமா என்ற வினாவுக்கு வேறிடங்களில் தெளிவான விடை கிடைத்துள்ளது. பின்லாந்து நாட்டில் 522 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததென 2001-இல் அறிவித்தது. சென்னையில் 531 பேரைக் கொண்டு நடந்ததில் 28.5 பங்கு குறைந்ததென 2006-இல் அறிவிக்கப்பட்டது. அவையெல்லாம் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியவர்களை மட்டுமே தேர்ந்து, ஒவ்வொருவராகக் கவனித்து நடத்தியவை. நெய்யாற்றின்கரை முயற்சியோ ஊரையே ஒரு பள்ளியாக்கிப் பார்த்தது. ஆகவே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு: அக்கம்பக்கத்தார் சேர்ந்தால் பழக்கத்தை மாற்றலாம், ஆனால் நடக்கிறோமே என்று இரத்தப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

பெண்மக்களும் நடையும்

திருவனந்தபுரம் நகரப் பெண்களிடம் கேட்டறிந்த மற்றோர் ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. வீட்டு வேலையே போதிய உடற்பயிற்சி என்று பலர் எண்ணியிருந்தனர். நேரமின்மை, ஊக்கமின்மை, குறுகிய சாலை ஆகியவை தடைகளாகச் சொல்லப்பட்டன. ஊக்கம் தருவன யாவை? பிறர் நடப்பதைக் காணுதல், துணையோடு நடத்தல், இனிய வழி. மூன்றிலும் பணத்துக்கு இடமில்லை என்பதை அன்பர்கள் நோக்குக.

மொழி புதிது, தெரு புதிது என்றிருக்கும் நம் வீட்டுத் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் தனியே நடக்கக் கூச்சம் மிகுதி. ‘வரத்தர் வீட்டுப் பெண் காலையில் எங்கே போகிறாள்?’ என்று யாரேனும் பார்ப்பார்களோ என்ற எண்ணமே காலைக் கட்டிவிடும். இரண்டு பேர் சேர்ந்தால் அக்கூச்சம் பாதியாகும். ஐந்து பேர் சேர்ந்தால் கேட்பவரும் கூட வருவர்! மலையாளச் சகோதரிகளும் கலந்து நடந்தால் மொழியும் வளரும், உறவும் வளரும்.

நாம் செய்யக்கூடியது

வாரத்தில் 150 நிமிடமேனும் சற்று விரைந்து நடக்கும் அளவு உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி, கணக்கு இவ்வளவே. கட்டட வேலையிலும் ரப்பர் தோட்டத்திலும் உடல் வருந்தி உழைப்போருக்கு இது பெரிதும் வேண்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நல்லுணவும் உறக்கமும் மதுவை விலக்கலும். கடையிலும் அலுவலகத்திலும் தையற்பொறி முன்னும் அமர்ந்திருப்போரே நடக்க வேண்டியவர்கள்.

நம் சங்கத்தில் தெருவுக்கு ஒரு குழு அமைத்து, ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் வழிகாட்டிகளாக இருக்கலாம். ஞாயிறு காலையில் ஒரு கூட்டம்; மற்ற நாள்களில் நடை. முதற்கூட்டத்திலேயே அளவுநாடாவைக் கொண்டு அனைவரும் மதிப்பெண் கணக்கிடுக. 60 அல்லது அதற்கு மேல் பெற்றவர் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்க. முன்பே இதய நோயோ நீரிழிவோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயிற்சி தொடங்குக. தட்டில் மட்டையரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் ஒரு பிடி குறையட்டும். கீரையும் காயும் ஒரு பிடி கூடட்டும். கொல்லையில் இரண்டு வெண்டைச் செடி நட இடமில்லாத வீடு நம்மிடையே அரிது.

மாமன் மைத்துனர் தொலைவில் இருக்கிறார்கள் என்று வருந்திப் பயனில்லை. காலையில் நம்மோடு நடப்பவரே நமக்கு மாமனும் மைத்துனரும் ஆவார். ஒருவர் ஒரு நாள் வரவில்லையெனில், ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஒரு குரல் இருக்கும். அயலூரில் வாழ்வோருக்கு அக்குரலினும் பெரிய மருந்து வேறில்லை. வரும் ஞாயிறன்றே முதலடி எடுத்து வைப்போமாக!