அடுக்கடுக்காய் ஓர் அளவுகருவி

புதுச்சேரியின் மடுகரை, நெட்டப்பாக்கம், ஏம்பலம் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் சுவரோரமாக ஒரு மரப்பலகை கிடக்கும். அதில் ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சுவிட்சு, முனை சுரண்டிய இரண்டு ஒயர்கள். இதுதான் டெஸ்ட் லாம்ப். காயில் அறுந்திருக்கிறதா, பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்பதைப் பல்பு எரிகிற பிரகாசத்தை வைத்தே மெக்கானிக் சொல்லிவிடுவார். யாரும் விலைக்கு வாங்காமல் அவரவர் கையாலேயே செய்துகொள்ளும் அளவுகருவி அது.

அந்தப் பல்பால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அதே சுமையை இழுக்க மீதி இரண்டு பேஸிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்ட் எடுக்கும். உள்ளே சூடு ஏறி, காயில் கருகிய பிறகுதான் விவசாயிக்குத் தெரியவரும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மூன்று பேஸையும் ஒரே நேரத்தில் அளந்து பதிவு செய்யும் கருவி வேண்டும். கையால் செய்துகொள்கிற அதே மரபில் அதையும் செய்யலாம். ஒரே பெரிய சர்க்யூட் போர்டாகச் செய்யாமல், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் சிறு போர்டுகளாகச் செய்தால்தான் அது நிலைத்து நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தியாவில் இந்த முயற்சிக்கு நல்ல முன்னோடி உண்டு. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் பி.பி. அஜித்குமார் குழுவினர் 2004இல் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய கருவிகளைக் கொண்டு இயற்பியல் சோதனைகளைச் செய்வது அதன் நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்ப்ஐஸ். 2017இல் வந்த எக்ஸ்ப்ஐஸ்-17 உள்ளங்கை அளவுப் பெட்டிதான். யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணைத்தால் ஆசிலோஸ்கோப்பாக மாறி ±16 வோல்ட் வரை 12 பிட் நுணுக்கத்தில் அளக்கும். 5 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சைன் அலையும் தரும். வடிவமைப்பும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை.

எக்ஸ்ப்ஐஸ் எல்லாவற்றையும் ஒரே போர்டில் வைத்தது. கல்லூரி ஆய்வகத்துக்கு அது சரி, தொலையாது, கழலாது. ஆனால் நான் நினைப்பது வேறு சூழல். ஒரு வகுப்பு இந்த ஆண்டு மின்வழங்கி போர்டு செய்யும், அடுத்த வகுப்பு அளவு போர்டு செய்யும், அதற்கடுத்தது ரிலே போர்டு. ஒன்று கருகினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சால்டரிங் பழகும் கைகள் ஒரு போர்டைக் கெடுத்தாலும் மொத்தக் கருவி போகாது.

அடுக்கும் யோசனை பழையது. தொழிற்சாலைக் கணினிகளுக்காக 1992இல் பி.சி/104 என்ற தரம் வகுக்கப்பட்டது. போர்டின் அளவு 90 x 96 மில்லிமீட்டர், செருகும் முனைகள் 104, பெயரும் அதனால்தான். 10 சென்டிமீட்டர் கனசதுரமான கியூப்சாட் செயற்கைக்கோள்கள் பலவற்றுக்குள்ளும் இதே அளவுப் போர்டுகள்தான் அடுக்கப்படுகின்றன.

ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் கதை இன்னும் பயனுள்ளது. 2005இல் இத்தாலியில் அந்தப் போர்டை வரைந்தபோது பின்களை 0.1 அங்குல இடைவெளியில் வைத்தார்கள். 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் நடுவில் மட்டும் தவறுதலாக 0.16 அங்குலம் விழுந்துவிட்டது. கவனிப்பதற்குள் அதன்மேல் செருகும் ஷீல்டு போர்டுகள் பலர் கைக்குப் போய்விட்டன. அதனால் இன்றுவரை அந்தத் தவறைத் திருத்த முடியவில்லை. ஓட்டை போட்ட சாதாரண பொது போர்டு இன்றும் அதில் நேராகப் பொருந்தாது. ஆகவே அடுக்குக் கருவி செய்ய உட்காருபவர் முதலில் வரைய வேண்டியது சர்க்யூட்டை அல்ல. பின் வரிசை, திருகு ஓட்டைகளின் இடம், போர்டின் நீள அகலம், இவற்றைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கிகேட் என்ற இலவச மென்பொருளில் இவற்றை ஒரு வார்ப்பாக வரைந்து வைத்துவிட்டால், பிறகு எந்தப் போர்டையும் அதிலிருந்தே தொடங்கலாம். உயரத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் பெர்க் ஸ்டிரிப் செருகிகளில் இரு போர்டுகளுக்கு இடையே சுமார் 11 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டர் நின்றால் இடிக்கும். படுக்க வைக்க வேண்டும், அல்லது அந்தப் போர்டையே உச்சியில் வைக்க வேண்டும்.

இப்போது நம் மோட்டாருக்கு வருவோம். 5 குதிரைத்திறன் கொண்ட மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். ஒயரை நடுவில் நுழைக்கும் 2000க்கு 1 விகிதக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை 3.75 மில்லிஆம்பியராக்கித் தரும். அதை 47 ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் சைன் அலையின் உச்சம் சுமார் 0.25 வோல்ட். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் பாயும் என்று வைத்துக்கொண்டாலும் உச்சம் 1.5 வோல்ட்தான். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரில் நடுப்புள்ளியை 1.65இல் நிறுத்தினால் அலையின் மேலும் கீழும் வெட்டுப்படாமல் அடங்கிவிடும். 100 ஓம் போட்டிருந்தால் கிளம்பும் நேரத்து அலை தலை வெட்டுப்பட்டிருக்கும். இந்த ஒரே ரெசிஸ்டரைத் தேர்வதில்தான் கருவியின் அறிவு இருக்கிறது.

அடுக்கில் பலரும் சறுக்குவது கிரவுண்டில். சாதாரணச் சர்க்யூட் போர்டின் செப்புத் தகடு 35 மைக்ரான் தடிமன். 1 மில்லிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் நீளம் ஓடும் கோட்டுக்கு ஏறக்குறைய 0.05 ஓம் தடை உண்டு. மேலே ஒரு ரிலே இழுத்து 100 மில்லிஆம்பியர் அந்தக் கோட்டில் பாய்ந்தால் 5 மில்லிவோல்ட் எழும். 12 பிட்டில் 3.3 வோல்ட்டின் ஒரு படி 0.8 மில்லிவோல்ட். ஆக, ரிலே இழுக்கும்போதெல்லாம் அளவு ஆறு படி நகரும். மோட்டாரில் எந்த மாற்றமும் இருக்காது, கருவியில்தான் இருக்கும். ஒவ்வொரு செருகியும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தடையைச் சேர்க்கும். 5 வோல்ட் லைனுக்கும் இதே கதைதான்: பாகூர் ஏரித் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதுபோல, கீழ்ப் போர்டில் கிளம்பியது மேல் போர்டுக்குக் குறைந்தே வரும்.

இதற்கான தீர்வு செலவில்லாதது. கிரவுண்டுக்கு ஒரே பின் கொடுக்காமல் வரிசை நெடுகப் பரப்ப வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 40 பின் வரிசையில் எட்டு பின்கள் கிரவுண்டுதான். ரிலேக்கான கிரவுண்டைத் தனி வழியில் கொண்டுபோய் மின்வழங்கி போர்டில் மட்டும் சேர்க்க வேண்டும். அளவு போர்டை மின்வழங்கிக்குப் பக்கத்திலும் ரிலே போர்டை எதிர் முனையிலும் வைப்பது நல்லது. போர்டின் ஒரு பக்கம் முழுவதையும் செப்பாகவே விட்டுவிடலாம். இதில் செப்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடும் மிச்சமாகும்.

இன்னொரு சிக்கல் முகவரி. ஒரே மாதிரி அளவு போர்டுகள் இரண்டை அடுக்கினால், கண்ட்ரோலர் கேட்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கும். போர்டில் இரண்டு ஜம்பர்கள் வைத்தால் நான்கு முகவரிகள், மூன்று வைத்தால் எட்டு. எந்த ஜம்பர் எந்த முகவரி என்பதைப் போர்டின் மேலேயே எழுதிவிட வேண்டும். ஏட்டில் எழுதியது தொலைந்துபோகும்.

ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன். 230 வோல்ட்டோ 415 வோல்ட்டோ இந்த அடுக்குக்குள் நேரடியாக வரவே கூடாது. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் 47 ஓம் ரெசிஸ்டரும் டிரான்ஸ்ஃபார்மரோடேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும், செருகும் போர்டில் இருக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது போர்டைக் கழற்றினால் டிரான்ஸ்ஃபார்மரின் முனைகள் திறந்துபோய், தொட்டவரை அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் எழலாம். ஸ்டார்டர் பெட்டிக்குள் கை வைக்க வேண்டியவர் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டுமே.

இதெல்லாம் கிராமத்தில் நடக்குமா என்று தயங்க வேண்டாம், நம் பக்கத்துக் கிராமங்களுக்கு மின்னணு முயற்சி புதிதல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, ஏம்பலம் உள்ளிட்ட ஊர்களை வி.எச்.எஃப். வானொலியால் இணைத்துக் கணினித் தகவல் மையங்களை நடத்தியது. அங்கே கருவிகளை இயக்கியவர்கள் உள்ளூர் மக்கள், பெரும்பாலும் பெண்கள்.

மதகடிப்பட்டுக் கல்லூரிகளிலும் லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கிலும் ஆண்டுதோறும் புராஜெக்ட்டுகள் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு பின் வரிசையை வைத்துக்கொள்வதால் ஒருவர் போர்டு மற்றவருக்கு உதவுவதில்லை. மின்னணுத் துறை ஆசிரியர்கள் ஒரு நாள் கூடி உட்கார்ந்து போர்டின் அளவு, நான்கு திருகு ஓட்டைகள், 40 பின்களின் வரிசை ஆகியவற்றை முடிவு செய்து ஒரே தாளில் அச்சிட்டுத் தரட்டும். அடுத்த கல்வியாண்டில் முதல் போர்டு வரையும் மாணவர் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.